மாமாவின் நாற்பத்தொரு நாள் படுக்கை

அன்புள்ள அண்ணி,

உங்கள் அப்பா இன்று நன்றாகச் சாப்பிட்டார். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக்கொண்டார். அவரை இப்படிப் படுக்கையில் போட்டது யார் என்று நேற்று ஆஸ்பத்திரி வாசலில் எங்களை வரிசையாக நிறுத்திக் கேட்டீர்கள். உங்கள் தம்பி தலையைக் குனிந்துகொண்டார். அத்தை கைப்பையில் எதையோ தேடினார். நான்தான் அண்ணி. அங்கேயே சொல்லியிருப்பேன். நீங்கள் இடைவெளி விடாமல் பேசிக்கொண்டிருந்தீர்கள்.

நான் நர்சிங் முடித்தது உங்களுக்குத் தெரியும். அது மட்டும் போதாது. லைசென்ஸ் தேர்வில் தேறினால்தான் வார்டுக்குள் விடுவார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும். சரியாகச் சொன்னால் அடுத்த கேள்வி இன்னும் கடினமாக வரும். போதும் என்று அதற்குத் தோன்றுகிறபோது திரை அணைந்துவிடும். எனக்கு இரண்டு தடவை அணைந்தது. இரண்டு தடவையும் ஃபெயில்.

மாமா முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவர். உடம்புக்கு முடியவில்லை என்று ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை என்பது அவருடைய பெருமை. வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைக் காட்டி, "இது எங்க மருமக. ரெண்டு தடவை கைகாட்டுச்சு, ரெண்டு தடவையும் பஸ் நிக்காம போயிடுச்சு" என்பார். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடமும் சொன்னார். அவர் சிலிண்டரைத் தோளிலிருந்து இறக்காமலே சிரித்தார். எனக்கு வருத்தமில்லை. பெரியவர், ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறார்.

புத்தகத்தில் படிப்பது எனக்கு மனதில் நிற்காது. கையால் ஒரு தடவை செய்துவிட்டால் மறக்காது. அதற்கு ஓர் ஆள் வேண்டும். அத்தைக்கு வீட்டு வேலை ஓயாது. உங்கள் தம்பி விடிந்ததும் டயர் கடைக்குப் போய்விடுவார். மாமா மட்டும் சும்மா இருந்தார்.

முதல் நாள், அவர் மாடிப்படி ஏறி வந்ததும் பிரஷர் பார்த்தேன். படி ஏறி வந்தால் யாருக்கும் கூடத்தான் கூடும். நான் பொய் எதுவும் சொல்லவில்லை. மீட்டரைப் பார்த்து "ம்" என்றேன்.

"என்னம்மா, ம்?"

"ஒண்ணுமில்ல மாமா. பயப்படற மாதிரி ஒண்ணுமே இல்ல. கொஞ்சம் படுங்க."

படுத்தார். மறுநாள் காலை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, "நடக்கப் போகலாமாம்மா?" என்று என்னைக் கேட்டார். இந்த வீட்டில் மாமா ஒருவரைக் கேட்டு ஒரு காரியம் செய்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. செருப்பை வாங்கி அலமாரியில் வைத்தேன்.

முதல் வாரம் இதயம். உப்பை நிறுத்தினேன். இரண்டாவது வாரம் சிறுநீரகம். குடிப்பதையும் கழிப்பதையும் அளந்து எழுத வேண்டும். கோடு போட்ட குவளையை மாமாவே வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிப்பார். "முன்னூத்தி இருபது. நேத்தைவிட நல்ல மைலேஜ்" என்பார். எவ்வளவு ஒத்துழைப்பு என்று பாருங்கள்.

மூன்றாவது வாரம் மூளையும் நரம்பும். பகலில் மணிக்கொரு தடவை கண்ணில் டார்ச் அடித்து, பேர் என்ன, இது எந்த இடம், இன்று என்ன கிழமை என்று கேட்பேன். ஒரு நாள் புதன் என்றார். "நல்லா யோசிங்க மாமா" என்றேன். யோசித்தார், கண் கலங்கிவிட்டது. 'மனக்குழப்பம்' என்று நோட்டில் குறித்தேன். அன்று புதன்தான் என்பதைச் சாயங்காலம் கவனித்தேன். ஆனால் ஒரு தடவை குறித்ததை அழிக்கக் கூடாது என்று பாடத்திலேயே இருக்கிறது.

நான்காவது வாரம் தொற்று நோய். அறை வாசலில் கயிறு கட்டி, ஜன்னலைச் சாத்தி, மாஸ்க், கையுறை இல்லாமல் யாரும் உள்ளே போகக் கூடாது என்று வைத்தேன். அவருடன் வேலை பார்த்த கண்டக்டர் பார்க்க வந்தார். கண்ணாடிக்கு வெளியே நின்று பேசச் சொன்னேன்.

"என்னடா ஆச்சு உனக்கு?"

"என்னன்னே தெரியலடா. ஆனா மருமக ராப்பகலா பாத்துக்குது."

போகும்போது கண்டக்டர் பழக்கதோஷத்தில் ஜன்னல் கம்பியை இரண்டு தட்டுத் தட்டினார். வண்டி போகலாம் என்கிற தட்டு. மாமா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

உங்கள் அம்மாவைப் பற்றியும் கேட்டீர்கள். ஒருநாள் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவருக்கு நிஜமாவே ஏதாச்சும் இருக்கா?" என்றார்.

"எழுப்பி விட்டுடவா அத்தை?"

அத்தை கையிலிருந்த டிவி ரிமோட்டைப் பார்த்தார். முப்பத்தெட்டு வருஷத்தில் அது அவர் கைக்கு வந்தது அந்த மாதம்தான். "ஒண்ணும் அவசரமில்ல" என்றார்.

கடைசியில் மகப்பேறு. இதில் எனக்கே கொஞ்சம் சங்கடம்தான். ஆனால் படுத்தே கிடந்ததில் மாமாவின் வயிறு நன்றாக மேலே வந்திருந்தது. தினமும் காலையில் டேப் வைத்து அளந்தேன். கணக்குக்கு ஏழு மாதம் சொல்லலாம். இடப்பக்கம் சாய்ந்து படுக்கவும், வாயைக் குவித்து விட்டு விட்டு மூச்சு விடவும், சொன்னபோது முக்கவும் பழக்கினேன். "வாயுவுக்குத்தானேம்மா?" என்று அவராகவே கேட்டார். நான் மறுக்கவில்லை.

நேற்று நீங்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்தபோது நடந்துகொண்டிருந்தது அதுதான். அத்தை அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கட்டிலின் கால்மாட்டில் சுத்தமான துண்டை விரித்துப் பிடித்திருந்தேன். நீங்கள் பையைக் கீழே போட்டுவிட்டு "அப்பா" என்றீர்கள்.

"வந்துட்டியாம்மா" என்றார் மாமா. "இன்னும் ரெண்டே மூச்சுதான். முடிஞ்சிடும்."

அவர் உண்மையைத்தான் சொன்னார். பயிற்சியில் இரண்டு மூச்சு பாக்கி இருந்தது. நீங்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டீர்கள்.

டாக்டர் எல்லா டெஸ்ட்டும் எடுத்துவிட்டு, இந்த வயதில் இப்படி ஓர் உடம்பைத் தான் பார்த்ததே இல்லை என்றார். மாமாவின் முகம் விழுந்துவிட்டது. "ஒண்ணுமே இல்லையா? இன்னொரு தடவை நல்லா பாருங்க சார்" என்று அவர் கெஞ்சியதை நீங்களும் கேட்டீர்கள். இத்தனை நாள் பொறுமையாகப் படுத்திருந்தவரிடம் அப்படி வெடுக்கென்று சொல்லலாமா? நோயாளியிடம் பேசும் முறை என்று எங்களுக்குத் தனிப் பாடமே உண்டு.

நேற்று இருந்த கலவரத்தில் ஒன்றைச் சொல்ல முடியவில்லை. நான் தேறிவிட்டேன். திரை சீக்கிரமே அணைந்தது. எந்தக் கேள்வியைப் பார்த்தாலும் அதற்குள் மாமா படுத்திருந்தார், பதில் தானாக வந்தது. அடுத்த மாதம் வேலையில் சேர்கிறேன். இதில் பாதிப் பெருமை அவருக்குச் சேர வேண்டியது.

தேதி பற்றி நீங்கள் எப்படியும் விசாரிப்பீர்கள், அதனால் நானே எழுதிவிடுகிறேன். மாமா படுத்தது மொத்தம் நாற்பத்தொரு நாள். ரிசல்ட் வந்தது முப்பதாம் நாள் காலையில். செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு, சொல்லிவிடலாம் என்றுதான் அவர் அறை வாசல்வரை போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து, "அம்மா, அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறந்துக்கலாமா?" என்று கேட்டார். மிகவும் மெதுவாகக் கேட்டார்.

"யோசிச்சுச் சொல்றேன் மாமா" என்றேன்.

மகப்பேறு அத்தியாயத்தைத் தொடங்கியது முப்பத்தைந்தாம் நாள். எடுத்த புத்தகத்தைப் பாதியில் மூடிவைக்க எனக்கு மனசு வராது, வேறொன்றுமில்லை. என் மனதில் பழிவாங்கும் எண்ணம் கடுகளவு இருந்திருந்தாலும், அண்ணி, நான் இரட்டைக் குழந்தை என்று வைத்திருப்பேன்.