ஐந்து மணிக்கு நின்ற இடத்தில்

அன்று மதியம் நான் சுட்ட சோள ரொட்டியில் உப்பு கொஞ்சம் தூக்கல் என்று ஆர்லன் சொன்னார். சொல்லிவிட்டு இரண்டாவது துண்டையும் எடுத்துக்கொண்டார்.

"உப்பு ஜாஸ்தின்னா ரெண்டாவது எதுக்கு?" என்றேன்.

"முதல் துண்டுல உறுதியா சொல்ல முடியல, மேவிஸ்."

தட்டைக் கழுவி வைத்தார். நீர்க்குவளையை எடுத்துக்கொண்டு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தன் சோளப் பாத்திக்குப் போனார். அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

மெர்ல், தோர்ன் ஹீத் அமெரிக்க விமானத்தளத்தில் வாழ்ந்தவர்களின் மகிழ்ச்சியான நினைவுகளை எல்லாம் சேர்த்து ஒரு புத்தகம் போடப்போவதாக டெக்சஸிலிருந்து எழுதியிருந்தீர்கள். என்னிடம் இரண்டு பக்கமும் ஒரு புகைப்படமும் கேட்டீர்கள். ஆர்லனோடு ஒரே கொட்டகையில் பன்னிரண்டு வருடம் இயந்திரம் பழுதுபார்த்தவர் நீங்கள். உங்களுக்கு நான் மறுக்க முடியாது. இரண்டு பக்கத்தைத் தாண்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1957இல் எனக்குப் பத்தொன்பது வயது. இங்கிலாந்தின் சஃபோக்கில் எங்கள் வீட்டில் அப்பா அப்போதும் ஒரு சாக்லேட் கட்டியைக் கத்தியால் ஆறாக நறுக்கித்தான் கொடுப்பார். போர் முடிந்து பன்னிரண்டு வருடம் ஆகியும் அவர் கை அந்த ரேஷன் பழக்கத்தை மறக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம், எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகும் தூரத்தில், ஐஸ்கிரீமை அளந்து போடுகிறவர்களே கிடையாது. தளத்தின் சிற்றுண்டிக் கடையில் எனக்கு வேலை கிடைத்தது. முதல் நாள் மாலை ஆறு மில்க்‌ஷேக்குகளைத் தட்டில் ஏந்திக்கொண்டு கொட்டகைப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். எங்கிருந்தோ ஊதுகொம்பு ஒலித்தது. கார்கள் நின்றன. கார்களிலிருந்து ஆட்கள் இறங்கி ஒரே திசையைப் பார்த்து விறைப்பாக நின்றார்கள். நான் மட்டும் நடந்துகொண்டிருந்தேன்.

"பொண்ணே, அப்படியே நில்லு," என்றது ஒரு குரல்.

"ஏன், என் முதுகுல ஏதாவது ஊருதா?"

"கொடி இறங்குது. நின்ன இடத்துல நிக்கணும். வாயையும் சேர்த்து நிறுத்து."

அதுதான் ஆர்லன். ஊதுகொம்பு முடிந்ததும் அவர்கள் தேசிய கீதம். இரண்டும் சேர்ந்து இரண்டு நிமிடம் நாற்பது வினாடி. அதற்குள் மில்க்‌ஷேக் வழிந்து என் முழங்கை வரை வந்துவிட்டது. முடிந்தவுடன் அவர் கைக்குட்டையை நீட்டினார். அசையாமல் நிற்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். இதை உங்கள் புத்தகத்தில் போடலாம்.

வியாழக்கிழமை நடனங்களையும் போடலாம். ஊர்ப் பெண்களை ஏற்றிப்போக அவர்கள் பேருந்து அனுப்புவார்கள். என் தோழி பெரில் அதில் ஏறும்போது அவள் அம்மா வாசலில் நின்று, "போற எண்ணிக்கையிலேயே திரும்பி வாங்கடி," என்று கத்துவாள். விமானம் எழும்பும்போது எங்கள் தேநீர்க் கோப்பைகள் அலமாரியில் தாமாக நகரும். ஊரில் அதற்கு மனு எழுதினார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. கோப்பைகள் நகராத ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குத் தூக்கம் வராது.

1959இல் எங்கள் ஊர்த் தேவாலயத்தில் கல்யாணம். ஆர்லன் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அதே தளத்தில் சீருடை இல்லாத வேலையில் தொடர்ந்தார். ஐந்து மணிக்கு எங்கே இருந்தாலும் நிற்பார், கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு. அடுப்பில் பால் பொங்கி வழியும், நிற்பார். ஒருமுறை தோட்டத்தில் குளவி கழுத்தில் கொட்டியது. கீதம் முடிந்த பிறகுதான் "அம்மா" என்றார்.

ஒரே ஒரு தடவை, 1981இல், அவருடைய ஊரான நெப்ராஸ்காவுக்கு என்னை அழைத்துப்போனார். குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் தங்கை லோர்னா அன்பாக நடத்தினாள். ஆனால் ஐந்து மணிக்கு அங்கே யாருமே நிற்கவில்லை. கடையில், தெருவில், எல்லாரும் தங்கள் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். இன்னொன்றும் கவனித்தேன். அங்கே ஆர்லன் ஓர் அமெரிக்கராகவே தெரியவில்லை. எல்லாரும் அவரைப் போலவே இருந்தார்கள். கூட்டத்தில் இரண்டு முறை வேறு யாரையோ அவர் என்று நினைத்துத் தோளைத் தொட்டேன்.

1993இல் தளத்தை மூடியபோது நீங்கள் எல்லாரும் போய்விட்டீர்கள். கடைசி நாள் மாலை ஐந்து மணிக்கு ஆர்லன் ஒலிபெருக்கிக்குக் கீழே சிறிய கேசட் ரெக்கார்டரைப் பிடித்துக்கொண்டு நின்று அந்த இசையைப் பதிவு செய்தார். முடிவில், நிறுத்தும் பொத்தானை அழுத்துவதற்கு முன், அவர் ஒருமுறை இருமுவது அதில் விழுந்துவிட்டது. நாங்கள் அழிக்கவில்லை. ஊரார் சேர்ந்து பழைய கட்டுப்பாட்டுக் கோபுரத்தை ஒரு சின்ன அருங்காட்சியகமாக வைத்துக்கொண்டோம். சாவி என்னிடம். தினமும் ஐந்து மணிக்கு அந்தக் கேசட்டை ஒலிபெருக்கியில் போடுவது என் வேலை. பதினொரு வருடம் ஒரு நாள் தவறவில்லை.

2004 பிப்ரவரியில், சாப்பாட்டு மேசையில் ஆர்லன் ஓர் உறையை வைத்தார்.

"ரெண்டு டிக்கெட். மே இருபத்தெட்டு. லோர்னா மாடி அறையைக் காலி பண்ணி வெச்சிருக்கா. வீட்டுக்குப் போயிடலாம், மேவிஸ்."

"இதுதானே வீடு?"

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "நாப்பத்தேழு வருஷமா நான் இங்க டியூட்டில இருக்கேன். டியூட்டி முடிஞ்சு போச்சு."

"நான் வரமாட்டேன்."

"அப்ப நான் முன்னாடி போறேன். நீ மனசு மாறினா வா."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. நானும் கோபப்படவில்லை. நாங்கள் சண்டை போடுகிற தம்பதி இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு மனிதர் தான் எங்கே மகிழ்ச்சியாக இருந்தார் என்பதையே மறக்கத் தொடங்கினால், அதை அவருக்காக நினைவில் வைத்திருக்க வேண்டியது மனைவிதானே.

அவர் உண்மையிலேயே போகத் தயாராகிவிட்டாரா என்று தெரிந்துகொள்ள விரும்பினேன். ஏப்ரலில் ஒரு நாள் அவர் ஏணியில் நின்று கூரை வாய்க்காலைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது சரியாக ஐந்து மணி ஆயிற்று. கேசட்டைப் போட்டுவிட்டுக் கோபுர ஜன்னல் வழியே பார்த்தேன். ஏணியில் நின்றபடியே கையை நெஞ்சில் வைத்தார். இன்னொரு நாள் சாலையைக் கடந்துகொண்டிருந்தார். ஐந்து ஆக இரண்டு நிமிடம் இருந்தது. போட்டேன். நடுச்சாலையில் நின்றுவிட்டார். அருங்காட்சியகத்தில் எனக்கு ஒத்தாசைக்கு வரும் பெரில் மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"லாரிக்காரன் இறங்கி வந்து திட்டுறான், உன் ஆளு அமெரிக்காவைப் பார்த்துகிட்டு நிக்கிறாரு. ஏன்டி, ராத்திரி படுக்கையில கொடி இறக்கினா என்ன பண்ணுவாரு?"

"அவரு டியூட்டில இருக்காரு," என்றேன்.

கோபுரத்தின் மேல்மாடிக் கண்ணாடியிலிருந்து பார்த்தால் ரயில் பாதையைக் கால்நடையாகக் கடக்கும் இடம் தெளிவாகத் தெரியும். இரண்டு பக்கமும் மரப்படி, நடுவில் தண்டவாளத்தின் குறுக்கே பலகை. இப்ஸ்விச்சிலிருந்து வந்து நான்கு ஐம்பத்திரண்டுக்கு அங்கே கடக்கும் ரயில் முட்புதர் வளைவைத் தாண்டிய பிறகுதான் கண்ணில் படும். ஆர்லன் சோளப் பாத்தியிலிருந்து அந்த வழியாகத்தான் திரும்புவார். சில நாள் ரயிலுக்கு முன்னால், சில நாள் பின்னால். விமான இயந்திரங்கள் அவர் காதுகளை எப்போதோ பறித்துவிட்டிருந்தன. காதுக் கருவி வைத்திருந்தார். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வந்தால் அது கீச்சிடும் என்பதால் மரப்படியில் ஏறும்போதே அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அதற்குப் பிறகு அவருக்குக் கேட்கக்கூடியது எங்கள் ஒலிபெருக்கி ஒன்றுதான்.

மே மாதம் மூன்றாவது வாரம் திங்கட்கிழமை, அவருடைய கைக்கடிகாரத்தின் வார் அறுந்திருப்பதைக் காட்டி, நகரத்தில் மாற்றிக்கொண்டு வருவதாக வாங்கிக்கொண்டேன். வார் அறுந்திருந்தது உண்மை. அன்றே கோபுரத்துச் சுவர்க் கடிகாரத்தின் முள்ளை ஒன்பது நிமிடம் முன்னால் நகர்த்தினேன். செவ்வாய்க்கிழமை பெரில் தன் கைக்கடிகாரத்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மேவிஸ், உன் கோபுரத்துல எந்த ஊரு நேரம் ஓடுது? நியூயார்க்கா?"

"அதுக்கும் வயசாயிடுச்சு."

"நமக்கு ஆகலையா? நாம ஒழுங்காதான ஓடுறோம்?"

அவள் எப்போதும் நான்கு மணிக்கே வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் ஆர்லன் ரயில் போன பிறகுதான் கடந்தார். அந்த மூன்று நாளும் என் சொந்தக் கடிகாரத்தைப் பார்த்துச் சரியாக ஐந்து மணிக்குத்தான் கேசட்டைப் போட்டேன். நான் அவசரக்காரி இல்லை.

வியாழக்கிழமை சோள ரொட்டி சுட்டேன். மாலை நான்கு ஐம்பத்தொன்றுக்கு அவர் மரப்படியில் ஏறினார். கருவியைக் கழற்றிப் பையில் போட்டார். வளைவுப் பக்கம் பார்த்தார், ஒன்றும் வரவில்லை. பலகையில் கால் வைத்தார். நான் பொத்தானை அழுத்தினேன்.

அவர் என்ன நினைத்திருப்பார் என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். நாற்பத்தேழு வருடமாக அந்த இசை கேட்டால் மணி ஐந்து. மணி ஐந்து என்றால் ரயில் போய் எட்டு நிமிடம் ஆகிவிட்டது. எனவே நிற்கலாம். திரும்பிக் கோபுரத்தைப் பார்த்து, கையை நெஞ்சில் வைத்து நின்றார். நீர்க்குவளை காலடியில் இருந்தது.

நான் யாரையும் தள்ளவில்லை, மெர்ல். ஒரு மனிதருக்கு அவருடைய சொந்த நாட்டின் கீதத்தைப் போட்டேன். அதுவும் ஒரு நியாயத்தோடுதான் போட்டேன். அவர் நகர்ந்தால், ஓர் அடி எடுத்து வைத்து அந்தப் பக்கம் இறங்கிவிட்டால், நெப்ராஸ்காவுக்குத் தாராளமாகப் போகட்டும், நானே பெட்டி கட்டித் தருகிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அவரைத் தடுக்க அங்கே யாரும் இல்லை. ஓர் அடிதான். அவர் எடுத்து வைக்கவில்லை. நின்றார். இங்கேயே இருக்கிறேன் என்று எனக்குச் சொன்னதாகவே அதை எடுத்துக்கொண்டேன்.

ரயில் ஓட்டுநர் மூன்று முறை ஒலி எழுப்பினாராம். எனக்கும் கேட்டது. விசாரணையில் சுவர்க் கடிகாரம் ஒன்பது நிமிடம் முன்னால் ஓடியதைச் சொன்னேன். பெரில் அழுதுகொண்டே, செவ்வாய்க்கிழமையிலிருந்தே அப்படித்தான் என்று சாட்சி சொன்னாள். விபத்து என்று தீர்ப்பு. என் துயரத்துக்கு இரங்குவதாக விசாரணை அதிகாரி சொன்னார், நன்றி சொன்னேன். என் துயரம் பொய் இல்லை. இன்றுவரை அவர் பக்கத்துத் தலையணையை நான் எடுக்கவில்லை. ஓட்டுநர் எனக்குக் கடிதம் எழுதினார், தூங்க முடியவில்லை என்று. உங்கள்மேல் துளியும் தவறில்லை என்று உடனே பதில் போட்டேன். அதை என்னைவிட உறுதியாக வேறு யாரும் அவருக்குச் சொல்லியிருக்க முடியாது.

இரண்டு வருடம் கழித்து இதை ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். உங்கள் புத்தகத்தின் முதல் பக்கத்தை மாதிரிக்கு அனுப்பியிருந்தீர்கள். அதில் ஆர்லன் படத்துக்குக் கீழே, "முதுமையின் கவனக்குறைவால் ரயிலில் அடிபட்டு மறைந்தார்" என்று இருக்கிறது. தயவுசெய்து அதை மாற்றுங்கள். அவருக்குக் கவனக்குறைவு இல்லை. என்னைப் பற்றி நீங்கள் எதை வேண்டுமானாலும் அச்சிடலாம், இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆனால் தடுமாறி விழுந்த ஒரு கிழவராக அவர் உங்கள் புத்தகத்தில் இருக்கக் கூடாது. அவர் கடைசி வரை நின்றார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கீதம் முடியும் வரை நானும் அசையவில்லை.

புகைப்படம் இணைத்திருக்கிறேன். 1958 நடனத்தில் எடுத்தது, உங்கள் முழங்கை ஓரத்தில் தெரிகிறது. லோர்னா அவர் உடலை நெப்ராஸ்காவுக்குக் கொண்டுபோகக் கேட்டாள். நான் சம்மதிக்கவில்லை. எங்கள் தேவாலயத்து மண்ணில், பழைய வேலிக்கு நாற்பது அடி தூரத்தில் இருக்கிறார். ஒலிபெருக்கி அங்கே நன்றாகக் கேட்கும்.

சுவர்க் கடிகாரத்தை ஊரார் சரிசெய்துவிட்டார்கள். தினமும் சரியாக ஐந்து மணிக்குக் கேசட்டைப் போடுகிறேன். ஊதுகொம்பு, பிறகு கீதம், இரண்டு நிமிடம் நாற்பது வினாடி. முடிவில் ஆர்லன் ஒருமுறை இருமுகிறார்.