மாமியாரிடம் கேட்ட டோக்கன்

தருமபுரி பஸ் நிலையத்தில் இண்டூர் பஸ் கிளம்பாமல் நின்றது. எனக்கு முன் சீட்டில் துணி தைக்கும் கம்பெனிப் பெண்கள் இருவர்.

“நேத்து எங்க மாமியாகிட்ட டோக்கன் கேட்டுட்டேன்க்கா,” என்றாள் சின்னவள்.

“எதுக்குடி?”

“பாத்ரூம் போறதுக்கு. மூணு வாரமா ஞாயித்துக்கெழமயும் டூட்டி. வூட்டுல துணி மடிச்சிக்கிட்டு இருந்தனா, கம்பெனின்னே நெனச்சிட்டேன்.”

“அவுங்க என்ன சொன்னாங்க?”

“இதுக்கெல்லாமாடி டோக்கன்னாங்க. எங்க லைன்ல நாப்பது பேருக்கும் ஒரே டோக்கன் அத்தே, போனவ வந்தாதான் அடுத்தவ போவணும்னேன். அதான் நீ தண்ணியே குடிக்கறதில்லயான்னு கேட்டாங்க.”

பெரியவள் சிரித்தாள். “கிட்னியில கல்லுன்னு போனப்ப எங்கிட்ட டாக்டரும் அதயேதான் கேட்டாரு.”

கண்டக்டர் வந்து ஆளுக்கொரு இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். வண்டி எடுக்கப் பத்து நிமிடமாகும் என்றார்.

சின்னவள் எழுந்தாள். எதிரே இருந்த கழிப்பறையைப் பார்த்தாள். பிறகு பெரியவளைப் பார்த்தபடி அப்படியே நின்றாள்.

பெரியவள் தன் டிக்கெட்டை நீட்டினாள்.

“இந்தா டோக்கன். ஓடாத, மெதுவாவே போயிட்டு வா.”

சின்னவள் அதை வாங்கிக்கொண்டுதான் இறங்கினாள்.