லீவு நாள் சோறு

வடலூரிலிருந்து நெய்வேலிக்கு வரும் பஸ்ஸில், என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரத்தில் இருந்த இளையவள் சொன்னது காதில் விழுந்தது.

"எங்க வூட்டுக்காரருக்கு ஷிஃப்டு இருந்தா பாதி மாத்திரை, லீவுன்னா முழு மாத்திரைக்கா."

"டாக்டரா அப்டிச் சொன்னாரு?"

"நானாத்தான். முழுசு குடுத்தா மைன்ஸ்ல நின்னுகினே தூங்குறாரு. வேலை போச்சுன்னா குவார்ட்டர்ஸும் போயிடும்."

"அவரே போட்டுக்குறாரா?"

"எங்க? 'எனக்கென்னா பைத்தியமா'ன்னு துப்பிடுவாரு. தூள் பண்ணிக் கொழம்புல கலந்துடுவேன்."

"காதுல யாரோ பேசுறாங்கன்னாரே, அது நின்னுச்சா?"

"கொறஞ்சிருந்துச்சி. இப்போ மறுபடியும் பேசுதாம். 'லீவு நாள்ல உம்பொண்டாட்டி சோத்துல வெசம் வெக்கிறா'ன்னு சொல்லுதாம். 'லீவு நாள்ல சாப்ட்டாத்தான் எனக்குத் தலை சுத்துது, அது நெசந்தான'ன்னு என்னையே கேக்குறாரு."

பஸ் ஆர்ச் கேட்டில் நின்று கிளம்பியது.

"நீ என்னா சொன்ன?"

"ஒண்ணுமே கலக்கலன்னு புள்ள தலைமேல கை வெச்சி சத்தியம் பண்ணேன்."

"நம்புனாரா?"

"தட்டை எம்பக்கம் தள்ளிட்டு, 'அப்போ நீ சாப்டு'ன்னாரு."

"அய்யய்யோ."

"சாப்ட்டேங்க்கா. அவரு பாத்துகினே இருந்தாரு. முழுசையும் சாப்ட்டேன்."