அம்மாவுக்குத் தெரிஞ்ச பாம்பு

பிரசாந்தினி: கல்லுக்குக் கீழை பாத்தியோ?

பானுஜன்: பாத்தனான் அக்கா. தண்ணிக் கிண்ணத்துக்குக் கீழையும் பாத்தனான். பெட்டிக்குள்ளை றோஸ்ரி மட்டுந்தான்... ரூப்லி இல்லை.

பிரசாந்தினி: மெல்லக் கதை! அம்மாவைப் பொறுத்தவரை எங்களிட்டை ஒரு பாம்புதான்.

பானுஜன்: தெரியும். இன்னொண்டு வந்தால் ரண்டும் வெளியிலை எண்டவ.

பிரசாந்தினி: அதுக்குத்தானே ரண்டு குட்டியையும் ஒரே கரட் நிறத்திலை எடுத்தனாங்கள். சரி, பின்னேரம் சாப்பாடு குடுத்தனியோ?

பானுஜன்: ம்...

பிரசாந்தினி: ரூப்லியைத் தனியா பாத்றூமுக்குக் கொண்டுபோய்த்தானே?

பானுஜன்: நீ பேர்ண் நகரத்திலை வேலை முடிஞ்சு வரப் பிந்திட்டாய். அம்மாவை ஆர் கதைச்சு மறிக்கிறது? அதாலை...

பிரசாந்தினி: அதாலை?

பானுஜன்: ரண்டு எலிக்குஞ்சையும் ஒரே பெட்டிக்குள்ளை போட்டிட்டு ஃபுட்போலுக்கு ஓடிட்டன்.

பிரசாந்தினி: விசரா! ரண்டும் ஒரே எலியைக் கவ்வினால் ஒண்டும் விடாது. எலியோடை சேத்து மற்றதின்ரை தலையையும்...

பானுஜன்: சொல்லாதை! றோஸ்ரின்ரை வயிறு இப்ப... இவ்வளவு.

பிரசாந்தினி: எலி திண்டாலும் அப்பிடித்தான்டா இருக்கும். அழாதை. மூடி திறந்து கிடந்ததோ?

பானுஜன்: இல்லை. நாலு பக்கமும் இறுக்கிப் பூட்டியிருந்தது. நான் அப்பிடிப் பூட்டுறேல்லையே...

அம்மா: நான்தான் பூட்டினனான்.

பிரசாந்தினி: ஐயோ! அம்மா... நீங்கள் எப்ப வந்தனீங்கள்?

அம்மா: நீங்கள் கிசுகிசுக்கிறது குசினி அடுப்படி வரைக்கும் கேக்குது. ஒரு எலிக்குஞ்சு, ரண்டு வாய்! பிரிச்செடுக்கிறதுக்குள்ளை என்ரை உயிர் போயிட்டுது.

பானுஜன்: அப்ப... ரூப்லி உயிரோடை இருக்கோ?

அம்மா: என்ரை முறுக்குப் பெட்டிக்குள்ளை படுத்திருக்கு. மற்ற எலியையும் குடுத்தனான். மூடியிலை ஓட்டை போட்டிருக்கிறன், பயப்பிடாதை.

பிரசாந்தினி: அம்மா, ரண்டு இருக்கெண்டு இண்டைக்குத்தானே கண்டனீங்கள்?

அம்மா: ஒரு பாம்பு ஒரே நேரத்திலை கல்லுக்குக் கீழையும் தண்ணிக்குள்ளையும் படுக்குமோ, பிள்ளை?

பானுஜன்: அப்ப ரண்டையும் குடுத்திடுவீங்களோ? ரூப்லி பாவம் அம்மா...

அம்மா: நாளைக்கு அதுக்கும் தனிப் பெட்டி வாங்குவம், முறுக்குப் பெட்டி எனக்கு வேணும். அதுசரி, அதின்ரை பேர் ரூப்லியோ? நான் இவ்வளவு நாளும் செவ்வந்தி எண்டெல்லோ கூப்பிட்டனான்!