சாக்ஸபோன்காரரின் முன்பல்

வலிக்காமல் பல் பிடுங்குகிறவன் என்று எங்கள் தெருவில் எனக்கு நல்ல பெயர் உண்டு. அழுதுகொண்டே வருகிற பிள்ளைகள்கூட என் நாற்காலியில் ஏறியதும் சமர்த்தாக வாயைத் திறந்துவிடும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. நேற்று நடந்ததை வேறு யாராவது சொன்னால் நான் ஏதோ முரடன் என்று உங்களுக்குத் தோன்றிவிடும்.

அந்த சாக்ஸபோன்காரரின் இசைத்தட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. நாலே பேர் சேர்ந்து வாசித்த ஜாஸ். கல்யாணமான புதிதில் வாங்கினேன். கிளினிக்கிலும் அதுதான், வீட்டிலும் அதுதான். அதில் ஒரு மெதுவான பாட்டு. சாக்ஸபோன் மூச்சுவிடுகிற இடங்களிலெல்லாம் ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் கூடவே வரும், யாரோ பக்கத்து அறையைத் துடைப்பத்தால் பெருக்குகிற மாதிரி. அந்த ‘ஸ்ஸ்’ கேட்டால் எனக்குக் கண் கலங்கிவிடும்.

அது எங்கிருந்து வருகிறது என்று மற்ற ரசிகர்களுக்குத் தெரியாது. தொழில்காரன் என்பதால் நான் கண்டுபிடித்துவிட்டேன். தட்டின் உறையில் அவர் சிரிக்கிற படம் இருக்கிறது. மேல்வரிசையில் முன்பல் ஒன்று இல்லை. அந்தச் சந்து வழியாகக் காற்று கசிகிறது.

“பாட்டுக் கேக்குறவங்க பாட்டைக் கேளுங்க. ஊரான் பல்லை எதுக்குங்க எண்ணுறீங்க?” என்பாள் என் மனைவி. அவளுக்கு அந்தத் தட்டைக் கண்டாலே ஆகாது.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நீங்கள் சற்று முன் சொன்னீர்கள். கண்ணும் காதும் ஒன்றையே சொல்லும்போது அப்புறம் விசாரிக்க என்ன இருக்கிறது, ஐயா?

அவர் வருகிறார் என்று போஸ்டர் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சாவதற்குள் அந்த ‘ஸ்ஸ்’ஸை நேரில் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். வேறு பெரிய ஆசை எனக்கு இருந்ததில்லை. நேற்று சாயங்காலம் கிளினிக்கைப் பூட்டிவிட்டு, மருந்துப் பையும் கையுமாக நேரே அரங்குக்குப் போனேன். மனைவி முன்வரிசையில் இடம் பிடித்து வைத்திருந்தாள். சின்ன அரங்கு. பியானோ, ஆளுயர வயலின் மாதிரி ஒரு பாஸ், டிரம்ஸ், நடுவில் அவர். தலை நரைத்திருந்தது, அவ்வளவுதான். முதல் பாட்டிலேயே சந்தோஷத்தில் என் முழங்கால் ஆட ஆரம்பித்தது. மனைவி கையை வைத்து அமுக்கிக்கொண்டாள்.

பிறகு அந்த மெதுவான பாட்டு வந்தது. மூச்சுவிடுகிற இடமும் வந்தது. ‘ஸ்ஸ்’ வரவில்லை. டிரம்மர் குச்சிகளால் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருந்தார், அதைத் தவிர ஒன்றுமில்லை. கூட்டம் கைதட்டியது. அவர் சிரித்தார். மேல்வரிசையில் ஒரு பல் குறையவில்லை.

எவனோ ஒரு பாவி அந்தச் சந்தில் பல் கட்டிவிட்டான். என் தொழில்காரன் ஒருவனே இதைச் செய்திருக்கிறான் என்று நினைத்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

இடைவேளையில் மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்குப் போனேன். மற்ற மூவரும் காபி குடிக்கப் போயிருந்தார்கள்.

“உங்க பரம ரசிகன் சார். பல் டாக்டர்.”

“அப்படியா, ரொம்ப சந்தோஷம். உக்காருங்க.”

“நீங்க படுங்க சார். முன்பல்லுல ஏதோ லேசா தெரியுது. ஆ காட்டுங்க, பாத்துடலாம்.”

பல் டாக்டர் ஆ காட்டச் சொல்லி, காட்டாத மனிதனை நான் இதுவரை பார்த்ததில்லை. பாஸ் வாத்தியத்தின் காலிப் பெட்டி தரையில் திறந்து கிடந்தது. உள்ளே பஞ்சு மெத்தை. அதில் படுக்க வைத்தேன். அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது. மரத்துப்போகும் ஊசியைப் போட்டேன். என்ன செய்யப்போகிறேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை, அது உண்மைதான். மேடையேற இருக்கிறவரை எதற்குக் கவலைப்படுத்த வேண்டும்?

கட்டுப்பல் என்றால் சும்மா நெம்பினாலே வந்துவிடும். இது வரவில்லை. குறடு போட்டு ஆட்டினேன். அவர் என்னவோ சொன்னார், வாயில் என் கை இருந்ததால் விளங்கவில்லை. காலால் பெட்டியை உதைத்தார். அந்த நிலையிலும் தாளம் பிசகவில்லை, அதுதான் கலைஞன். நான் பெட்டியின் விளிம்பில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு இழுத்தேன். வந்தது.

வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து அசந்துபோனேன். கட்டினவன் கெட்டிக்காரன், ஐயா. நீளமாக வேர் வைத்து, வேர் நுனியில் நரம்பு வரைக்கும் வைத்துச் செய்திருந்தான். ரத்தம்கூட வந்தது.

அதற்குள் மணி அடித்துவிட்டார்கள். பஞ்சை வைத்து அடைத்து, சாக்ஸபோனைக் கையில் கொடுத்து, நானே அவரைக் கைத்தாங்கலாக மேடைவரை கொண்டுபோய் விட்டுவிட்டு என் இடத்தில் வந்து உட்கார்ந்தேன். அவர் எங்களைப் பார்த்து வாயைத் திறந்து காட்டினார். வேடிக்கை காட்டுகிறார் என்று எல்லோரும் கைதட்டினார்கள். பியானோ அந்த மெதுவான பாட்டையே மறுபடி ஆரம்பித்தது. பழக்கதோஷத்தில் அவரும் சாக்ஸபோனை வாயில் வைத்தார். எச்சில் வந்தது, சத்தம் வரவில்லை. டிரம்மர் திரும்பிப் பார்த்தார், திடுக்கிட்டார், குச்சிகளைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கம்பி பிரஷ்களை எடுத்து டிரம் தோலில் மெதுவாகத் தேய்க்க ஆரம்பித்தார்.

அப்போது வந்தது, ஐயா, அந்த ‘ஸ்ஸ்’. நான் வாய்விட்டு அழுதேன். அவரும் அழுதார்.

டிரம்மர் இங்கே வந்து என்னிடம் கத்தினது உங்களுக்குத் தெரியும். “யோவ், அது என் பிரஷ்ஷுய்யா. அந்தத் தட்டு பூரா பிரஷ்லதான் வாசிச்சேன். நேத்து ஒரு மாறுதலுக்குக் குச்சி எடுத்தேன், அதுக்கு அவர் பல்லையா புடுங்குவ?” இசைக்காரர்களுக்குள் இந்தப் பொறாமை சகஜம். அடுத்தவன் பல்லில் வருகிற சத்தத்துக்குக்கூடச் சொந்தம் கொண்டாடுவார்கள்.

என் மனைவியும் அந்த பெஞ்சில் உட்கார்ந்து தலைகுனிந்தபடி சொன்னாள். “என்னங்க, உறையில இருக்குற பல்லை நான்தான் பேனாவால கறுப்பாக்கினேன். என் பிறந்தநாள் அன்னிக்கும் அதையே போட்டீங்க. கோவத்துல பண்ணிட்டேன்.” கட்டின புருஷனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள், பாவம். பல்லுக்கும் பேனா மைக்கும் வித்தியாசம் தெரியாதவனா நான்?

பல் போனால் சொல் போச்சு என்று வருத்தப்பட்டீர்கள். அவர் என்ன, பேசவா வந்தார்?

ஆமாம், பிடுங்கியது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். பல் என் சட்டைப் பையில் பஞ்சில் சுற்றிப் பத்திரமாக இருக்கிறது. ஒரே ஒரு வருத்தம்தான் மனசை அறுக்கிறது. நேற்றுக் கேட்ட ‘ஸ்ஸ்’, தட்டில் இருப்பதைவிடக் கொஞ்சம் மெலிசு. இடைவேளை போதவில்லை, ஐயா. அவசரத்தில் ஒரு பல்லோடு நிறுத்திவிட்டேன்.