விசில் எண்ணிய பெட்டியும் வேகாத சோறும்

எனக்குப் பத்தே நிமிடம் என்று கறாராகச் சொல்லிவிட்டு, தாம் மட்டும் அரை மணி நேரம் அமுதத் தமிழை அள்ளி வழங்கி அமர்ந்திருக்கும் அவைத் தலைவர், அன்பிற்கும் அச்சத்திற்கும் ஒருசேர உரிய கோவிந்தப்பா அவர்களே! மல்லேஸ்வரத்து மழையையும் மதியாமல் வந்து, முன்வரிசையை முந்திப் பிடித்த முதியோர்களே! பிள்ளைகளின் கண்டுபிடிப்புகளைப் பார்க்க வந்து, அவற்றுக்காகக் காணாமல் போன வீட்டு மிக்ஸியையும் மேசை விசிறியையும் அடையாளம் கண்டு திகைத்து நிற்கும் தாய்மார்களே! புதுமை படைக்கப் புறப்பட்டிருக்கும் போட்டியாளர்களே! நடுவர்களில் ஒருத்தியான உங்கள் கேத்தரினின் பணிவான வணக்கம்.

இந்த ஆண்டு நம் கண்டுபிடிப்புப் போட்டிக்கு வந்த விண்ணப்பங்கள் அனைத்தையும் படித்தேன். முதல் பக்கத்தில், 'நீங்கள் தீர்க்க வந்த பிரச்சினை என்ன?' என்று கேட்டிருந்தோம். ஒருவர் எழுதுகிறார்: 'தானாகக் குடை விரிக்கும் இயந்திரம் இல்லாதது.' இன்னொருவர்: 'செருப்புக்கு விளக்கு இல்லாதது.' அன்பர்களே, இது பிரச்சினையா? காய்ச்சல்காரர் மருத்துவரிடம் போய், 'டாக்டர், எனக்கு ஊசி இல்லாத வியாதி' என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? சிரிக்கிறீர்கள். எழுதியவர்களும் சேர்ந்து சிரிப்பதால் நான் துணிந்து மேலே செல்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், தொண்ணூற்றேழில் நடந்ததைச் சொல்கிறேன். நீலசந்திராவில் வசிக்கும் பெருமாள்சாமி, எலெக்ட்ரானிக் சிட்டியில் மின்சுற்று வடிவமைப்பவர். அவர் மனைவி வனஜா, கார்மெண்ட்ஸில் மேற்பார்வையாளர். இருவரும் இதோ இந்த அரங்கில்தான் இருக்கிறார்கள். கதையைச் சொல்ல அனுமதி கேட்டேன். வனஜா உடனே தந்துவிட்டார். பெருமாள்சாமி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். அவர் யோசித்து முடிப்பதற்குள் நான் சொல்லி முடித்துவிடுகிறேன்.

அவர்கள் வீட்டில் அடிக்கடி சோறு குழைந்துபோனது. பெருமாள்சாமி மனைவியைக் குறை சொல்லவில்லை. பொறியாளர் அல்லவா, நம் போட்டிக்கு விண்ணப்பம் எழுதினார். எப்படி எழுதினார்? 'குக்கர் விசில்களைத் துல்லியமாக எண்ணும் தானியங்கிக் கருவி இல்லாததே இல்லத்தரசியரின் தலையாய பிரச்சினை.' எழுதிய கையோடு செய்யவும் தொடங்கி, சில மாதங்களில் முடித்துவிட்டார். ஒரு பெட்டி, அதில் ஒரு மைக், அடுப்பின் திருகோடு இணைத்த சிறு மோட்டார். மூன்று விசில் கேட்டால் அடுப்பு தானே அணையும். அழகான பெட்டி, அறிவான பெட்டி, அலுவலக நண்பர்கள் எல்லாம் தட்டிக் கொடுத்த பெட்டி.

அதைச் செயலில் பார்க்க நடுவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வீட்டுக்குப் போனோம். ஆம், விருந்துக்கும் சேர்த்துத்தான். நடுவர்களுக்கும் வயிறு உண்டு, தலைவர் அவர்களே.

வனஜா குக்கரை ஏற்றிவிட்டுத் தண்ணீர் பிடிக்க வெளியே போனார். பெருமாள்சாமி எங்களைக் கூடத்தில் அமர்த்தி, பெட்டியின் பெருமையைப் பேசினார். விசில் ஒன்று கேட்டது. பேச்சில் வேகம் கூடியது. இரண்டாவது கேட்டது, குரலில் கம்பீரம் ஏறியது. மூன்றாவது கேட்டது, அடுப்பு அணைந்தது. நாங்கள் கைதட்டினோம். அவர் தம் கையாலேயே எங்களுக்குப் பரிமாறினார்.

என்ன கேட்கிறீர்கள், சோறு எப்படி இருந்தது என்றா? ஐயா, அரிசி குளித்துவிட்டு வந்ததைப் போல இருந்தது. நடுவர்கள் பண்பாளர்கள், மென்றோம். நான் மென்றேன், எனக்கு வலப்பக்கத்தவர் மென்றார், இடப்பக்கத்தவர் தம் கடைவாய்ப் பல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு மென்றார். அப்போது பக்கத்து வீட்டு ஃபாத்திமா, கோழிக்குழம்புக் கிண்ணத்தோடு வாசலில் வந்து நின்றார்.

"வனஜாக்கா இல்லையா அண்ணா? உங்க வீட்டு குக்கர் இன்னைக்கு ஏன் சத்தமே போடல?"

பெருமாள்சாமி நிமிர்ந்தார். "போட்டுச்சே, மூணு விசில்."

"அது எங்களதுண்ணா. கோழி வெச்சிருந்தேன்."

இரண்டு வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒற்றைக்கல் சுவர். பெட்டியின் மீது பிழையே இல்லை. எண்ணச் சொன்னார், எண்ணியது. யார் வீட்டு விசில் என்று அதனிடம் யார் சொன்னார்கள்?

அந்த நேரம் பார்த்துக் குடத்தோடு வந்த வனஜா எங்கள் தட்டுகளைப் பார்த்தார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன். பெருமாள்சாமியோ குனிந்த தலை நிமிரவில்லை. மாதக்கணக்கில் உழைத்த மனிதர். எங்களுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

"இன்னும் நல்ல மைக் போட்டா சரியாயிடும், வனஜா. உனக்கு எண்ணுற கஷ்டம் இருக்காது" என்றார் மெதுவாக.

"எனக்கு எண்ணத் தெரியாதுன்னு யாருங்க சொன்னா?"

"அப்புறம் சாதம் ஏன் குழையுது?"

"குக்கர் வெச்ச நேரத்துலதான் தெருக்குழாயில தண்ணி வருது. குடத்தத் தூக்கிட்டு ஓடறேன். அங்க நின்னுகிட்டே விசில எண்ணிக்கிட்டுதான் இருக்கேன். ஓடிவந்து அணைக்க முடியல, அவ்வளவுதான். வரிசைய விட்டா யாரு எடம் குடுப்பா?"

"இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீங்க எங்கங்க கேட்டீங்க? பெட்டி எப்படியிருக்குன்னுதான கேட்டீங்க. நல்லாயிருக்குன்னேன். நல்லாத்தானே இருக்கு."

அன்பர்களே, அங்கேயே, எங்கள் முன்னாலேயே, பெருமாள்சாமி விண்ணப்பத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார். பெட்டியை ஓரம் வைத்தார். ஒரு தாளில் எழுதினார்: 'பெண்கள் அடுப்படியில் இல்லாதபோது...' வனஜா எட்டிப் பார்த்தார்.

"பெண்கள்னு ஏன் போடறீங்க? நீங்க ஆக்கினா குழையாதா?"

அந்தச் சொல்லை அடித்தார். 'தானியங்கி முறையில்' என்று எழுதினார். அது விடையாயிற்றே என்று தாமே அடித்தார். 'விசில்' என்று எழுதினார். வெகுநேரம் அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெற்ற பிள்ளையை விடுதிக்கு அனுப்புகிறவரைப் போல அதையும் அடித்தார். கடைசியில் மிஞ்சியது இதுதான்: 'குக்கரை ஏற்றியவர் வேறு வேலையாக வெளியே போக நேர்ந்தால், உரிய நேரத்தில் அடுப்பை அணைக்க ஆளில்லை. அதனால் சோறு குழைகிறது, எரிவாயு வீணாகிறது.'

"இதுதானா?" என்று கேட்டார்.

"இதேதான்" என்றார் வனஜா.

யாருக்குத் தொல்லை? அதில் இருக்கிறது. எப்போது தொல்லை? அதில் இருக்கிறது. தொல்லையால் என்ன இழப்பு? அதுவும் இருக்கிறது. எந்தக் கருவி? அது மட்டும் இல்லை. அது இல்லாததால்தான் சிந்தனைக்குக் கதவு திறந்தது. மைக் எதற்கு, மோட்டார் எதற்கு? அலாரக் கடிகாரத்தைப் போலச் சாவி கொடுக்கும் ஒரு சுருள்வில். குறித்த நேரம் ஆனதும் அடுப்பின் திருகைத் திருப்பிவிடும் ஒரு கொக்கி. அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் குக்கர் கத்தினாலும், கல்யாண ஊர்வலமே போனாலும் அது கலங்காது. முதலில் கேட்டு வாங்கியவர் ஃபாத்திமா. "மட்டனுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கூட்டி வெச்சுக் குடுங்கண்ணா" என்றாராம். நடுவர்கள் மறுபடியும் சாப்பிடப் போனோம். சோறு பூவாய் உதிர்ந்தது. பரிசை அதற்குப் பிறகுதான் அறிவித்தோம் என்பதை அவைக்குறிப்பில் ஏற்ற வேண்டுகிறேன்.

போட்டியாளர்களே, விளையாட்டுப் பேச்சு போதும். இந்த ஊரில் இன்று கணிப்பொறிக்குப் பஞ்சமில்லை, கருவிக்குப் பஞ்சமில்லை, கெட்டிக்காரர்களுக்குப் பஞ்சமேயில்லை. ஆனால், 'உனக்கு என்ன சிரமம்?' என்று கேட்டுவிட்டு, பதில் முடியும்வரை வாய்மூடிக் காத்திருக்கும் காதுக்குப் பஞ்சம் இருக்கிறது. போகும் ஊரை முடிவு செய்த பிறகுதான் பேருந்து எண்ணைத் தேடுகிறோம்; கருவிக்கு மட்டும் ஏன் தலைகீழாகச் செய்கிறோம்? உங்கள் முதல் பக்கத்தைத் திருப்பித் தர நடுவர் குழு முடிவு செய்திருக்கிறது. வீட்டுக்கு எடுத்துப்போங்கள். எந்த மனிதருக்காகச் செய்கிறீர்களோ அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் 'நல்லாயிருக்கு' என்றால் கிழித்துப்போடுங்கள். 'ஆமா, இதுதான் என் கஷ்டம்' என்று அவரே சொல்லும்வரை எழுதுங்கள், அடியுங்கள், மீண்டும் எழுதுங்கள். அந்த ஒரு சொல் கிடைத்துவிட்டால், அன்றைக்கே நீங்கள் பாதிக் கண்டுபிடிப்பாளர்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், இடையிடையே பேசி என் பேச்சைக் காப்பாற்றிய பின்வரிசைக்கும், மணியை அடிக்காமல் கையிலேயே வைத்திருந்த தலைவருக்கும் நெஞ்சம் நிறைந்த நன்றி. அடுத்த வாரம் புதிய முதல் பக்கங்களோடு சந்திப்போம். வணக்கம்.