ஓபியின் ஆற்றங்கரையில் ஒரு டிராகன்

பார்லித் தண்ணீர் காய்ச்சும்போது சர்க்கரையைக் கடைசியில்தான் போட வேண்டும். பண்டான் இலையைக் கிழிக்காமல் முடிச்சுப் போட்டு இறக்கினால் வாசனை நிற்கும். ரிம்பா ராயா பூங்காவின் உடை அறையில் பதிமூன்று ஆண்டுகளாகத் தினமும் காலையில் ஒரு பெரிய சட்டி நிறைய நான் அதைக் காய்ச்சி வைத்தேன். யாரும் கேட்கவில்லை. அது என் வேலையும் இல்லை. உடைகளைத் தைப்பதும் துவைப்பதும்தான் என் வேலை. ஆனால் பொம்மை உடைக்குள் நுழைந்து ஜொகூர் வெயிலில் நிற்கிற பிள்ளைகளுக்கு ஒரு வாய் குளிர்ச்சியாகக் கொடுத்தால், அது சாமிக்குப் படைத்த மாதிரி என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நீங்களும் எனக்குத் தேநீர் வரவழைத்தீர்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. நன்றி. இந்த மாதிரிச் சின்ன அன்புகளில்தான் உலகம் ஓடுகிறது.

ரூபேந்திரனுக்காகத்தான் வந்தேன். ரூபினி இறந்து நான்கு மாதம் ஆகிறது. அவள் போட்டிருந்த டிராகன் உடையில் மின்விசிறி நின்றுபோனதற்கு அவன்தான் காரணம் என்று பூங்காவில் எல்லாரும் நம்புகிறார்கள். பேட்டரிகளைச் சார்ஜ் போட்டு வைப்பது அவன் பொறுப்பு. அடுத்த வாரம் அவனைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகப் போவதாகக் கேள்விப்பட்டேன். அவன் செய்யவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். வரிசையாகச் சொல்கிறேன்.

பூங்காவில் மூன்று நாடுகள் உண்டு. மலை நாடு, சந்தை நாடு, ஆற்று நாடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. ஆற்று நாட்டின் கதையை நாங்களே கட்டினோம். பூங்கா திறப்பதற்கு முந்தைய ஆண்டு, தகரக் கொட்டகையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு வரி சொல்லி. ஓபி என்று ஒரு நீர்நாய். வழி தவறி வருகிறவர்களைப் படகுத்துறைக்குக் கூட்டிப்போகும். அவ்வளவுதான் கதை. ஓபியை நான்தான் தைத்தேன். உள்ளே பருத்தித் துணி. வாய் முழுக்க வலை, காற்று போய்வரும். பூங்காவில் ஒரு குழந்தை தொலைந்துவிட்டால் அலுவலகத்தில் உட்கார வைக்க மாட்டோம். ஓபியிடம் விடுவோம். ஓபி அதன் கையைப் பிடித்துக்கொண்டு படகுத்துறையில் நிற்கும். பெற்றவர்கள் அங்கே வந்து சேர்வார்கள். ஒரு குழந்தைகூட அழுதுகொண்டே வீட்டுக்குப் போனதில்லை.

போன ஆண்டு நிர்வாகம் ஒரு வெளிநாட்டுப் படக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டது. ஹர்மோரா என்கிற டிராகன் வரும் படங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். ஆற்று நாட்டை ஹர்மோராவின் எரிமலையாக மாற்றப் போகிறார்கள் என்று அறிவித்தார்கள். படகுத்துறைக்கு மேலே சிமெண்டுப் பாறை வந்தது. ஆற்றுத் தண்ணீரில் சிவப்பு விளக்குப் போட்டார்கள்.

உடை அறையில் அதைப் பற்றியே பேச்சு.

"ஆத்துல டிராகனுக்கு என்னா வேலை? குளிக்க வந்துருக்கும்லா," என்று ரூபேந்திரன் சிரித்தான். பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் மின்வேலை பார்த்துவிட்டு எங்களிடம் வந்தவன். எதையும் கேலியாகத்தான் சொல்வான்.

"நீங்க சும்மா இருங்கண்ணே," என்றாள் ரூபினி. "அக்கா, யோங் பெங்ல சின்னப் பிள்ளையா இருக்கறப்ப அந்தப் படத்த எத்தன தடவ பார்த்துருப்பேன் தெரியுமா? இங்க வர்ற பிள்ளைங்க பைலயே டிராகன மாட்டிக்கிட்டு வருதுங்க. ஓபியப் பார்த்துட்டு, இது என்னா எலியான்னு கேக்குதுங்க."

"எலியா?" என்றேன்.

"அலமாக், நான் சொல்லலக்கா! ஒரு பாப்பா சொல்லுச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"விருந்தாளி வந்தா சோறு போடலாம்மா," என்றேன் பிறகு. "வந்தவுங்க வீட்டுப் பேரையே மாத்துனா எப்படி? ஒரு இடத்துக்குன்னு ஒரு கதை இருக்கு. அந்தக் கதையில இல்லாதது நடுவுல வந்து நின்னா, பிள்ளைங்களுக்குத் தாங்க எங்க இருக்கோம்னே தெரியாது."

ரூபினி விடவில்லை. "ஓபி வழி தவறினவுங்களத்தானக்கா கூட்டிட்டுப் போவும்? டிராகனும் வழி தவறி வந்துச்சுன்னு வெச்சுக்குங்களேன்."

அன்று பேருந்தில் அதையே யோசித்துக்கொண்டு வந்ததில், பெர்மாஸ் ஜெயாவில் இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன்.

ஹர்மோரா வேடத்துக்கு அவளைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். வயது இருபத்து மூன்று. ஓபிக்குள் மூன்று வருடம் இருந்தவள். கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்து அவளுக்கு நடை பழக்கினார்கள். அவர்களோடு சிரித்துப் பேசுவாள். நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும். என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. என் அலமாரி திறந்து கிடந்ததாக ஒருநாள் தோன்றியது. ஓபியின் வால் தையல் பிரிந்திருந்தது. யாரோ வேண்டுமென்றே பிரித்தது போல. யாரிடமும் கேட்கவில்லை. கவனித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

இப்போது எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். உடைக்குள் இருப்பவர் பேசக் கூடாது. பேசினால் குழந்தைகளுக்குக் கதை கலைந்துவிடும். அதனால் ஒவ்வொருவரோடும் ஒரு துணையாள் நடப்பார். உடைக்குள் இருப்பவர் துணையாளின் விரலைப் பிடித்திருப்பார். ஒரு அழுத்து அழுத்தினால் நலம். இரண்டு அழுத்தினால், உள்ளே கூட்டிப் போ. இருபது நிமிடத்துக்கு மேல் யாரும் வெயிலில் நிற்கக் கூடாது என்பது எங்கள் விதி. நான் துணை போனால் பதினைந்திலேயே திருப்பிவிடுவேன். "யோகேஸ்வரி அக்கா கூட வந்தா பயமில்ல" என்று பிள்ளைகள் சொல்வார்கள்.

கம்பெனியின் கையேடு வேறு மாதிரி. எண்பது பக்கம். வரிசையில் குழந்தைகள் நிற்கும்வரை ஹர்மோரா இடத்தை விட்டு நகரக் கூடாது. விருந்தினர் முன்னால் எந்தக் காரணத்துக்காகவும் தலையைக் கழற்றக் கூடாது. உடை பத்தொன்பது கிலோ, முழுக்க ரப்பர். தலைக்குள் ஒரு மின்விசிறி ஓடினால்தான் மூச்சு விட முடியும். நான் அந்தக் கையேட்டை இரண்டு முறை படித்தேன். இது இந்த ஊருக்கு ஒத்து வராது, யாராவது ஒருவர் மயங்கி விழுந்தால் அவர்களுக்கே புரியும் என்று நினைத்தேன். மயக்கம்தான். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போய், பெரிதாக எதுவும் ஆகக் கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் வந்தேன்.

ரூபேந்திரனுக்கு ஒரு பழக்கம். சார்ஜ் தீர்ந்த பேட்டரியில் சிவப்பு ரப்பர் பேண்ட் மாட்டிவிடுவான். மாட்டாதது முழுதாகச் சார்ஜ் ஆனது. அவன் எழுதி வைப்பதில்லை. ரப்பர் பேண்டைத்தான் நம்புவான். நாங்களும்.

எரிமலையின் திறப்பு நாளன்று காலை ஏழரை மணிக்கே போய்விட்டேன். தீர்ந்த பேட்டரியிலிருந்து ரப்பர் பேண்டைக் கழற்றி, முழுதாகச் சார்ஜ் ஆனதில் மாட்டினேன். உடை அறையில் முருகன் படம் இருக்கிறது. அதற்கு முன்னால்தான் செய்தேன். மறைத்துச் செய்ய எனக்குத் தெரியாது.

எட்டரைக்கு ரூபினி வந்தாள். கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தாள். காகிதத்தில் மடித்த விபூதியை எடுத்து என் நெற்றியில் வைத்தாள்.

"அக்கா, இன்னிக்கு நீங்களே கூட வாங்க. உங்களுக்குப் பிடிக்கலன்னு தெரியும். ஆனா உங்க விரல்னா எனக்குப் பயமில்ல."

அப்போதுகூட ரப்பர் பேண்டை மாற்றி மாட்டியிருக்கலாம். நேரம் இருந்தது. பார்லி கொதித்துக்கொண்டிருந்தது. அவளுக்கு இரண்டு தம்ளர் கொடுத்துக் குடிக்க வைத்தேன். இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்தோம். பள்ளி விடுமுறை, வரிசை பாலம் வரைக்கும் நின்றது. விசிறி ஏழு நிமிடம் ஓடியது. சத்தம் நின்றதை நான் கேட்டேன். பதினோராவது நிமிடத்தில் இரண்டு முறை அழுத்தினாள். "கொஞ்சம் பொறும்மா, வரிசை நீளமா இருக்கு," என்றேன் தலைக்குப் பக்கத்தில். பதினைந்தில் அழுத்தினாள். பத்தொன்பதில் மூன்று முறை. திறப்புக்கு வந்திருந்த கேமராக்காரர்கள் பாலத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்; இந்தப் பக்கம் வரவில்லை. அவர்கள் பார்க்காமல் மயங்கினால் எந்தப் பயனும் இல்லை. கையேட்டை நினைத்துக்கொண்டேன். வரிசையில் இன்னும் குழந்தைகள் இருந்தார்கள். இருபத்து நான்காவது நிமிடத்தில் அழுத்தவில்லை, விரலைச் சும்மா பிடித்துக்கொண்டிருந்தாள். பிடி தளர்ந்தது.

ஒரு சின்னப் பெண்குழந்தை ஓடி வந்து அவள் காலைக் கட்டிக்கொண்டது. ரூபினி குனிந்து, அதன் கைகளை ஒவ்வொன்றாக எடுத்து விடுவித்தாள். அதை இரண்டு அடி தள்ளி நிறுத்தினாள். பிறகுதான் விழுந்தாள். குழந்தையின் மேல் விழுந்துவிடக் கூடாது என்று யோசிக்க அவளுக்கு அந்த நிலையிலும் முடிந்திருக்கிறது. டிராகனுக்கு அது தெரியாது. மூன்று வருடம் ஓபியாக இருந்த பிள்ளைக்குத்தான் தெரியும். நான் பழக்கினவள்.

பாறைக்குப் பின்னால் தூக்கிக்கொண்டு போகும்வரை தலையைக் கழற்ற வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். இன்னும் நான்கு நிமிடம் ஆனது. ரூபேந்திரன் ஓடி வந்து, "அக்கா, கழட்டுங்கக்கா! அவ மூச்சு விடல!" என்று கத்தினான். குழந்தைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையேட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது.

மூன்றாம் நாள் மருத்துவமனையில் போய்விட்டாள். யோங் பெங்கிலிருந்து அவள் அம்மா ராஜம்மா வந்திருந்தார். அவருக்கும் ஒரு புட்டியில் பார்லி கொண்டுபோனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் நீங்கதான அவ கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தீங்க," என்று அழுதார். ஆமாம் என்றேன். பொய் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு பூங்காவில் ஒருவரை ஒருவர் நம்பவில்லை. அலமாரிகளுக்குப் புதுப் பூட்டு வந்தது. செல்வா என்கிற மேலாளர் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். ரூபேந்திரன் ரூபினியைக் கல்யாணத்துக்குக் கேட்டான், அவள் மாட்டேன் என்றாள், அந்த ஆத்திரம் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். நான் அதைச் சொல்லவில்லை. என்னைக் கேட்டவர்களிடம், "எனக்கு என்னப்பா தெரியும்," என்று மட்டும் சொன்னேன். அவனை வேலையிலிருந்து நிறுத்தும்வரை கேண்டீனில் அவன் உட்கார்ந்த மேசையில் யாரும் உட்காரவில்லை. நான் ஒருத்திதான் உட்கார்ந்தேன். அவனுக்குத் தினமும் நாசி லெமாக் வாங்கிக் கொடுத்தேன்.

"யாரோ ரப்பர் பேண்ட மாத்திட்டாங்கக்கா," என்பான். மேலாளரா, கம்பெனிக்காரர்களா, துப்புரவு செய்கிற ஆளா என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லி என் முகத்தைப் பார்ப்பான். அவன் சந்தேகப்படாத ஒரே ஆள் நான். "கடவுள் பார்த்துக்குவாரு தம்பி, நீ சாப்பிடு," என்பேன். கடைசிக் கடைசியாக, தானே தூக்கக் கலக்கத்தில் மாற்றி மாட்டியிருப்போமோ என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அன்றைக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கூட ஒரு முட்டை வாங்கிக் கொடுத்தேன்.

நான்கு மாதம் ஏன் பேசாமல் இருந்தேன் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. எரிமலையை மட்டும் மூடி வைத்திருந்தார்கள். டிராகன் பெட்டிக்குள் போய்விட்டது. ஓபி மறுபடியும் படகுத்துறையில் நின்றது. எல்லாம் தன் இடத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. ரூபேந்திரன் விஷயமும் மெதுவாகச் சரியாகிவிடும் என்று நம்பினேன்.

இன்று காலை வாசலில் புது அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். ஹர்மோரா திரும்பி வருகிறது. புது உடை, இரண்டு விசிறி. ரூபினியின் நினைவாக அந்த இடத்துக்கு அவள் பெயரையே வைக்கப் போகிறார்கள். ஓபிக்கு இந்த மாதத்தோடு விடை. அதைப் படித்துவிட்டு நேராக இங்கே வந்தேன். ரூபேந்திரனுக்காக.

நீங்கள் எழுதினதைப் படித்துக் காட்டினீர்கள். எல்லாம் சரிதான். நான் மாற்றினேன், நான் கேட்டேன், நான் நின்றேன். கையெழுத்துப் போடுகிறேன். ஒரு வரி மட்டும் விட்டுப்போயிருக்கிறது. அன்றைக்கு அவள் ஓபிக்குள் இருந்திருந்தால், முதல் தடவை அழுத்தும்போதே உள்ளே கூட்டிப் போயிருப்பேன். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அம்மா. அந்த ஆற்றங்கரைக்கு எது ஆபத்து என்று அப்போதுதான் எல்லாருக்கும் புரியும்.